கண்ணாடிக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? போன் முதல் விமானம் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரில் நாங்கள் கண்ணாடி, அலுமினிய வேலை செய்கிறோம். ஜன்னலுக்கு விலை கேட்க வருகிறவர் உடைந்த போனைக் காட்டி, "விலை கூடின போன், இதுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பார். கட்டாருக்குப் போய் வந்த தம்பி விமான ஜன்னலில் பார்த்த ஓட்டையைப் பற்றிக் கேட்பார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வந்துவிட்டால் எளிதில் விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம். எங்கிருந்தும் வாசிக்கலாம். முதல் இரண்டையும் வாசித்துவிட்டுப் போனால் மற்றவை லேசாகப் புரியும்.

கண்ணாடி பலமில்லாத சாமான்தானே?

இல்லை. கண்ணாடியை நெருக்கினால் நன்றாகவே தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோதான் உடையும். வளைக்கும்போது ஒரு முகம் நெருங்குகிறது, மற்ற முகம் இழுபடுகிறது. வெடிப்பு இழுபடும் முகத்தில் தொடங்கும்.

இழுப்பை ஏன் தாங்குவதில்லை? சிலிக்கன், ஒட்சிசன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு மிகவும் உறுதியானது. குறை மேற்பரப்பில் இருக்கிறது. துடைக்கும் துணியில் இருந்த மணல், தட்டில் உரசிய விளிம்பு என்று கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எந்தக் கண்ணாடியிலும் உண்டு. இழுக்கும்போது விசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. இரும்பு என்றால் அந்த நுனி கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது, கீறல் அப்படியே ஓடிவிடும்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஏ. ஏ. கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற இடத்தில் இருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த பொறியியலாளர். உலோக உறுப்புகள் கணக்குப்படி தாங்க வேண்டிய சுமைக்கு முன்பே ஏன் முறிகின்றன என்பது அவருடைய கேள்வி. சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது கண்ணாடியை. உருக்கி நாராக இழுத்து, ஒவ்வொரு தடிப்பாக அறுத்துப் பார்த்தார். 1921-ல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள நாரைவிட, அதில் முந்நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள நார் பரப்புக்குப் பரப்பு ஏறத்தாழ 20 மடங்கு இழுவையைத் தாங்கியது. அவ்வளவு மெல்லிய நாரில் பெரிய கீறல் இருக்க இடமே இல்லை. இன்றைக்கு விமானங்களின் ஆயுளைக் கணிக்கப் பயன்படும் முறிவுப் பொறியியல் இந்தக் கண்ணாடி நாரில் இருந்து தொடங்கியதுதான்.

எங்கள் தொழிலே இந்தக் கீறலில்தான் ஓடுகிறது. நாங்கள் பிடிக்கும் வெட்டுக்கருவி கண்ணாடியை அறுப்பதில்லை. மேலே ஒரு கோடு கீறுகிறது, அப்புறம் கையால் வளைக்கிறோம், கோட்டோடு பிளக்கிறது.

அப்படியென்றால் பலப்படுத்தும்போது கீறல்களை அழிக்கிறார்களா?

அழித்தாலும் அடுத்த நாளே புதிதாக வந்துவிடும். அதனால் கீறல் திறக்க முடியாதபடி கண்ணாடியின் தோலை நிரந்தரமாக நெருக்கி வைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இழுப்பு முதலில் அந்த நெருக்கலைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரைக்கும் கீறலுக்கு வாய் திறக்காது.

டெம்பர் செய்வது அதற்குப் பழைய வழி. கண்ணாடியை 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரண்டு முகத்திலும் குளிர்காற்றைப் பலமாக அடிக்கிறார்கள். தோல் உடனே இறுகிவிடும். உள்ளே இன்னும் இளக்கம். பிறகு உள்பகுதி ஆறிச் சுருங்கும்போது, ஏற்கனவே இறுகிய தோலை உள்நோக்கி இழுக்கிறது. முடிவில் தோல் நெருக்கத்தில், நடு இழுப்பில் நிற்கும். தோலில் இருக்கும் நெருக்கல் 69 மெகாபாஸ்கலாவது (அமுக்கத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரம் சொல்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் கிடைக்கும்.

இந்த விளையாட்டு 17-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் வால் முளைத்த ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும், வாலை நுள்ளினால் மொத்தமும் தூளாகும். இளவரசர் ரூபர்ட்டின் துளிகள் என்று அதற்குப் பெயர். பிரான்சில் டி லா பாஸ்டி என்பவர் 1874-ல் சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்து டெம்பர் செய்யும் முறைக்கு உரிமம் எடுத்தார். எண்ணெய் போய்க் காற்று வந்ததே தவிர, அடிப்படை மாறவில்லை.

டெம்பர் கண்ணாடி வாங்கிவிட்டேன். ஒரு அங்குலம் கூடிவிட்டது. வெட்டித் தருவீர்களா?

முடியாது. நாங்கள் மட்டுமல்ல, யாராலும் முடியாது. தோலைத் தாண்டி நடுப்பகுதிக்குக் கீறல் போன கணத்தில் அங்கே அடக்கி வைத்திருந்த இழுவிசை விடுபட்டு முழுக் கண்ணாடியும் துகளாகிவிடும். அளவு, துளை, விளிம்பு தீட்டுவது எல்லாம் முடித்த பிறகுதான் டெம்பருக்கு அனுப்ப வேண்டும். "சும்மா ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும்" என்பதும் இதில் அடக்கம்.

நடுச்சாமத்தில் குளியலறைக் கண்ணாடிக் கதவு தானாக வெடித்தது. யாரும் தொடவில்லை. எப்படி?

பேயைத் தேடாதீர்கள். இரண்டு காரணங்கள் பெரும்பாலும் இருக்கும்.

முதலாவது விளிம்பு. பொருத்தும்போது கண்ணாடி நேரடியாக உலோகத்தில் முட்டினால், அல்லது தரையில் நிறுத்தும்போது மூலை லேசாகச் சிதறினால், காயம் அங்கேயே தங்கும். வெயில், குளிர், கதவு ஆட்டம் என்று மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து, ஒருநாள் இழுப்புள்ள பகுதியைத் தொடும்.

இரண்டாவது நிக்கல் சல்பைட்டு. கண்ணாடி உருக்கும்போது கலந்துவிட்ட, ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவான சிறுமணி. டெம்பர் செய்யும்போது சடாரென்று ஆறுவதால், அந்தச் சூட்டுக்குரிய படிக அமைப்பிலேயே மணி உறைந்துவிடும். பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், பழைய அமைப்புக்குத் திரும்பும்போது கொஞ்சம் பருக்கும். மணி நடுப்பகுதியில் இருந்தால் கதை முடிந்தது. இதைத் தவிர்க்க, டெம்பர் செய்த கண்ணாடியை மறுபடி 290 பாகை செல்சியசுக்குச் சற்றுக் குறையச் சூடாக்கிச் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். வெடிக்க வேண்டியது அங்கேயே வெடிக்கும். பெரிய கட்டட வேலைகளுக்கு இந்தச் சோதனை செய்த கண்ணாடியைக் கேட்டு வாங்குவது நல்லது.

வாகனத்தின் பக்கக் கண்ணாடி துகளாகக் கொட்டுகிறது. முன் கண்ணாடி மட்டும் வெடித்தும் விழாமல் நிற்கிறதே?

பக்கத்தில் இருப்பது டெம்பர், முன்னால் இருப்பது லேமினேட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்ரிக் படலத்தை வைத்துச் சூட்டிலும் அமுக்கத்திலும் ஒட்டியது. படலத்தின் தடிப்பு வழக்கமாக 0.76 மில்லிமீற்றர். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ் 1903-ல் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையைத் தவறவிட்டார். வெடித்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே இருந்த செலுலோசு நைத்திரேற்றுக் கரைசல் காய்ந்து படலமாக ஒட்டியிருந்தது. 1909-ல் உரிமம் எடுத்தார். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்களுக்கு இந்தக் கண்ணாடி போனது. பிறகுதான் கார்களுக்கு வந்தது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் வாகனம் தண்ணீருக்குள் போய்க் கதவு திறக்காவிட்டால் முன் கண்ணாடியை உதைத்து நேரத்தைப் போக்க வேண்டாம், அது விடாது. பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூரான உலோகத்தால் ஓங்கிக் குத்துங்கள். ஆனால் சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்தான். உங்களுடையது எது என்று இன்றைக்கே மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள்.

முன் கண்ணாடியில் கல் பட்டுச் சின்னப் புள்ளி. பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கீறலின் நுனிக்கு ஈரம் போனால் தண்ணீர் மூலக்கூறு அங்கே சிலிக்கன், ஒட்சிசன் பிணைப்பை அறுக்க உதவி செய்கிறது. சுமை கூடாமலே வெடிப்பு நகரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எங்கள் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நண்பகல் வெயிலில் நிறுத்திவிட்டு ஏசியை முழு வேகத்தில் போட்டால் வேலை இன்னும் சுருக்கமாக முடியும். புள்ளியாக இருக்கும்போதே பிசின் ஏற்றி அடைத்துவிடலாம். கோடாக ஓடிவிட்டால் கண்ணாடி மாற்றத்தான் வேண்டும்.

போன் கண்ணாடியும் டெம்பர் செய்ததுதானே?

பெயர் அப்படிப் பழகிவிட்டது. போனில் இருக்கும் கண்ணாடி அரை மில்லிமீற்றர் அல்லது அதைவிடச் சற்றுக் கூடிய தடிப்பு. அவ்வளவு மெல்லியதில் காற்றடித்தால் தோலும் நடுவும் ஒன்றாகவே ஆறிவிடும், வித்தியாசம் வராது. ஆகவே இரசாயன வழி.

சோடியம் கலந்த கண்ணாடியை ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் உருகிய பொற்றாசியம் நைத்திரேற்று உப்பில் மணிக்கணக்காக அமிழ்த்தி வைக்கிறார்கள். மேற்பரப்பில் உள்ள சோடியம் அயன்கள் (மின்னேற்றம் உள்ள அணுக்கள்) உப்புக்குள் போக, பொற்றாசியம் அயன்கள் அந்த இடங்களில் வந்து உட்காரும். பொற்றாசியம் பருமனில் பெரியது. பெட்டியில் நெருக்கி அடுக்கிய தேசிக்காய்களில் மேல் வரிசையை எடுத்துவிட்டு, அதே குழிகளில் தோடம்பழங்களைத் திணித்தால் எப்படி நெருங்குமோ, அப்படி நெருங்குகிறது தோல். அந்த நெருக்கல் பல நூறு மெகாபாஸ்கல் வரை போகும், காற்றில் டெம்பர் செய்ததைவிடப் பல மடங்கு. ஆனால் ஆழம் மிகக் குறைவு, ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான்.

அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் 1960-களிலேயே இந்த வகைக் கண்ணாடியைச் செய்தது. நல்ல சாமான், ஆனால் பெரிதாக வாங்க ஆளில்லை. 2007-ல் முதல் ஐபோன் வந்தபோதுதான் அதற்குக் காலம் பிறந்தது. அறிமுகத்தில் காட்டிய போனில் திரை பிளாஸ்ரிக், சந்தைக்கு வந்ததில் கண்ணாடி. இடையில் ஸ்டீவ் ஜொப்ஸ் கோர்னிங்கிடம் போய்க் கேட்டார், கென்டக்கி மாநிலத்தில் இருந்த தொழிற்சாலையில் அவசரமாக உற்பத்தி தொடங்கியது. இன்று கொரில்லா கிளாஸ் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவ்வளவு பலம் என்றால் என் மகள் போனைக் கீழே போட்டவுடன் ஏன் உடைந்தது?

தோலின் ஆழம் குறைவு என்று சொன்னோமே, அதுதான். சிமெந்துத் தரையில் துருத்திய ஒரு மணல் பரல் தோலைத் துளைத்துக்கொண்டு நடுப்பகுதிக்குப் போனால் நெருக்கல் உதவாது. வழுவழுப்பான மாபிளில் பத்துத் தரம் தப்பிய போன், கொங்கிறீற்றில் ஒரே தரத்தில் போவது அதனால்தான்.

அப்புறம் கல்லடிக் கடற்கரை. கடல் மணலில் நிறைய இருப்பது குவாட்சு. கடினத்தில் அது கண்ணாடியைவிட ஒரு படி மேல். பீச்சில் உட்கார்ந்துவிட்டு அதே பொக்கெற்றில் போனைப் போட்டால் நாள் முழுக்கத் திரையில் கீறல் போட்டுக்கொண்டே இருக்கும்.

கடையில் ஒட்டும் '9எச் டெம்பர் கிளாஸ்' பிரயோசனமா?

ஒட்டலாம். திரைக்கு வரும் கீறலை அது வாங்கிக்கொள்ளும், மாற்றுவதும் மலிவு. ஆனால் 9எச் என்பது பென்சில் கடின அளவு, மிகக் கடினமான பென்சிலும் கீறாது என்பது மட்டுமே அதன் பொருள். வைரத்துக்கு அடுத்தபடி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

விமானத்தில் என் பக்கத்து ஜன்னல் என்ன கண்ணாடி?

கண்ணாடியே இல்லை. அக்ரிலிக் என்ற பிளாஸ்ரிக்கை இழுத்து வலுவேற்றிச் செய்வார்கள். பாரம் குறைவு, வெடிப்பு விழுந்தாலும் மெதுவாகத்தான் ஓடும்.

11 கிலோமீற்றர் உயரத்தில் வெளியே ஏறத்தாழ மைனஸ் 56 பாகை. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான அமுக்க வித்தியாசம் ஒரு சதுரச் சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோவுக்கு மேல். 23-க்கு 33 சென்ரிமீற்றர் ஜன்னல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 400 கிலோ பாரம் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்குவது வெளித்தகடு. அது போனால் தாங்க நடுத்தகடு. உங்கள் மூக்கு படும் உள்தகடு வெறும் கீறல் காப்பு.

மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு வந்து போகும் செஸ்னா கரவான் போன்ற சிறு விமானங்களில் இந்தக் கதை இல்லை. அவற்றில் உள்ளே அமுக்கம் ஏற்றுவதில்லை, தாழப் பறக்கும்.

ஜன்னலின் அடியில் ஒரு குட்டி ஓட்டை. பழுதா?

இல்லை. நடுத்தகட்டில் வேண்டுமென்றே இட்ட துளை அது. இரண்டு தகடுகளுக்கு இடையிலும் கபின் அமுக்கமே இருக்கட்டும், பாரத்தை வெளித்தகடு மட்டும் எடுக்கட்டும் என்பதற்காக. ஈரம் படிந்து மங்காமல் இருக்கவும் உதவும்.

விமானிக்கு முன்னால் இருப்பதும் பிளாஸ்ரிக்கா?

பெரிய ஜெட் விமானங்களில் அங்கேதான் உண்மையான கண்ணாடி வருகிறது. பலப்படுத்திய கண்ணாடித் தகடுகள் பல, நடுநடுவே பிளாஸ்ரிக் படலங்கள். வாகன முன் கண்ணாடியின் பெரியண்ணன் என்று வையுங்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கடத்திப் பூச்சு உண்டு. வழக்கமாக இந்தியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் கலந்த ஒட்சைட்டு, சிலவற்றில் பொன். மின்சாரம் ஓடினால் சூடேறும். பனி உருகுவதற்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு: குளிரில் படலம் விறைத்துவிட்டால் அடியை வாங்காது. வெதுவெதுப்பாக வைத்தால்தான் இளகி, மோதும் பறவையின் விசையை உள்வாங்கும்.

பெரிய பயணிகள் விமானத்தின் முன் கண்ணாடிக்கு விதி இதுதான்: விமானத்தின் வடிவமைப்புப் பயண வேகத்தில் 1.8 கிலோ பறவை வந்து மோதினாலும் உள்ளே துளைத்துக்கொண்டு வரக்கூடாது. சோதனைக்குச் செத்த கோழியைக் காற்றுப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள். எங்கள் விமான நிலையம் வாவிக் கரையில். கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் இறங்கும் இடம். கூழைக்கடா 1.8 கிலோவில் நிற்காது என்பதை வாவிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கண்ணாடியை மட்டும் நம்பியிருக்க முடியாது, ஓடுபாதைப் பக்கம் பறவை சேராமல் பார்ப்பதும் வேலைதான்.

பறக்கும்போது முன் கண்ணாடி கழன்று போனதாக ஒரு கதை. உண்மையா?

உண்மை. 1990 ஜூன் 10, பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,000 அடியைத் தாண்டியபோது கப்டனின் பக்க முன் கண்ணாடி அப்படியே பறந்துபோனது. கப்டன் பாதி உடம்போடு வெளியே இழுபட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அங்கே உடைந்தது கண்ணாடி அல்ல. முதல் நாள் மாற்றிப் பொருத்தியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சற்றுச் சிறியவை. ஜன்னல் பொருத்தும் எங்கள் பொடியன்களுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வோம்.

போயிங் 787-ல் பொத்தானை அமுக்கினால் ஜன்னல் கறுக்கிறதே?

தாங்கும் தகட்டுக்கு உள்ளே தனியாக ஒரு பலகம். அதில் மின்னழுத்தம் கொடுத்தால் நிறம் மாறும் ஜெல். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் ஃபைபர் போட்டில் இருப்பதும் கண்ணாடியா?

ஆம். வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரை கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளங்கள் எல்லாம் கண்ணாடி நாரும் பிசினும்தான். கிரிஃபித்தின் மெல்லிய நார் நினைவிருக்கிறதா? அதையே இலட்சக்கணக்கில் சேர்த்து, ஒன்றோடொன்று உரசிக் கீறாமல் பிசினில் பொதித்தால் படகு. ஒரு நார் அறுந்தாலும் பக்கத்து நார் சுமையை எடுத்துக்கொள்ளும். அடிப்பகுதியின் மேல் பூச்சு உரிந்தால் உடனே பூசிவிடுங்கள். தண்ணீர் உள்ளே ஊறினால் நாருக்கும் பிசினுக்கும் உள்ள பிடி விடத் தொடங்கும்.

விமானத்தின் மூக்கும் இதே வகைச் சாமான்தான். அதற்குள் இருக்கும் வானிலை ரேடாரின் அலைகள் உலோகத்தைத் தாண்டாது, கண்ணாடி நாரைத் தாண்டும். ஏர்பஸ் ஏ380-ன் உடலின் மேற்பகுதியில் ஒரு படி கூடப் போனார்கள். மெல்லிய அலுமினியத் தகடு, கண்ணாடி நார், மறுபடி அலுமினியம் என்று அடுக்கிய கிளேர் என்ற பொருள். அலுமினியத்தில் வெடிப்பு வந்தாலும் நார்கள் குறுக்கே பாலமாக நின்று அதை ஓடவிடாமல் பிடிக்கும்.

வீட்டுக்கு வரும் இணைய ஃபைபர்?

அது மிகத் தூய சிலிக்காக் கண்ணாடி. பூச்சு இல்லாமல் விட்டம் 125 மைக்ரோமீற்றர், தலைமயிரை ஒட்டிய அளவு. கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் ஒளி பல கிலோமீற்றர் போகும் என்று சார்ல்ஸ் காவோ 1966-ல் எழுதினார், 2009-ல் நோபல் கிடைத்தது. இழுத்த உடனேயே பிளாஸ்ரிக் பூச்சு பூசிவிடுவார்கள், காற்று ஈரமும் உரசலும் படுமுன். பிறகு நீளம் முழுவதையும் இழுத்துச் சோதித்தே சுருட்டுகிறார்கள். சுவர் மூலையில் கூர்மையாக மடக்காதீர்கள். அறாவிட்டாலும் வளைவில் ஒளி கசிந்து வேகம் விழும்.

கடற்கரைப் பக்கம் வீடு. எந்தக் கண்ணாடி போடலாம்?

கதவு, குளியலறை, ஆள் மோதக்கூடிய இடம் என்றால் டெம்பர். தலைக்கு மேல் வருவது, மாடியில் கைபிடிச் சுவர் என்றால் லேமினேட். இரண்டாவதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவோம். டெம்பர் துகள் கூர் குறைந்ததுதான், ஆனால் மேலிருந்து கட்டியாக விழுந்தால் காயம் காயமே.

கடலைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கும் லேமினேட்டையே சொல்கிறோம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். காற்று ஒரு ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும். லேமினேட் உடைந்தாலும் சட்டத்தில் நின்று காற்றை மறிக்கும். சட்டமும் அதற்கேற்ற தடிப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி சட்டத்தோடு வந்துவிடும்.

டெம்பர் என்று சொல்லி விற்றார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேமினேட் என்றால் விளிம்பைப் பார்த்தாலே போதும், இரண்டு தகடும் நடுக்கோடும் தெரியும்.

முத்திரை இல்லாவிட்டால் போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் வானம் தெறிக்கும்படி சரிவாக நின்று பாருங்கள். டெம்பர் என்றால் காற்றடித்த இடங்கள் கரும்புள்ளிகளாகவோ பட்டைகளாகவோ தெரியும். காரின் பின் கண்ணாடியில் இது மிகத் தெளிவு. அதில் ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டு, வாங்கப்போகும் கண்ணாடியைப் பாருங்கள். புள்ளிகள் தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் தொழிற்சாலைப் பத்திரத்தைக் கேளுங்கள். கல்லை எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டாம். டெம்பரோ இல்லையோ, உடைத்தால் காசு நீங்கள்தான் கட்ட வேண்டும்.